கல் நகரும் ஏரி

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு (வீட்டில் இல்லாவிட்டாலும்),

வரலாற்றில் பதியத்தக்க ஒரு முடிவை இன்று காலை எடுத்தேன். கிளினிக்குக்கு வலப்பக்கம் திரும்பவேண்டிய முனையில் காரை இடப்பக்கம் திருப்பினேன். என் பல் மருத்துவத் தொழிலில் இதுவே முதல் முறை. "டாக்டர், பல் செட்டுக்கு வந்த தலைமையாசிரியர் வாயத் திறந்தபடி உக்காந்திருக்கார்" என்று நர்ஸ் போன் செய்தாள். "மூடிக்கச் சொல்லும்மா" என்றேன்.

மாலையில் மலைச்சரிவில் பாறைத் தூண்களைப் பார்த்தேன். எரிமலைக் குழம்பு ஆறும்போது விரிசல் விட்டு அப்படி ஆனதாம். ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம்; ஒன்றோடொன்று இடுக்கில்லாமல் ஒட்டி நின்றன. சொத்தை ஒன்றுகூட இல்லை. மூடுபனியில் மலையே மிதந்தது. பக்கத்தில் சொல்ல ஆளில்லை. நீ அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆனது அப்போதுதான் உறைத்தது.

போனில் நாம் சண்டைதான் போடுகிறோம். அடுத்த ஊர்த் தபால் நிலையத்தில் விசாரிப்பேன்; முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. பதில் போடு.

உன் கணவன்

மார்ச் 6

அன்புள்ள டாக்டருக்கு,

கல்யாணமானதிலிருந்து ஒரு அருவிக்காவது கூட்டிப்போங்கள் என்றேன். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நோயாளிக்குச் சொல்வதையே எனக்கும் சொன்னீர்கள். தற்காலிகமாக அடைத்து அனுப்புவது பல்லோடு நிற்கவேண்டும். "கல்லப் பாத்ததும் உன் ஞாபகம் வந்துச்சாமே, உன் மூஞ்சி அப்படியா இருக்கு?" என்கிறாள் அக்கா.

ஆனாலும் அந்தத் தூண்கள் கனவில் வந்தன.

இங்கே மாணவியர் விடுதிக்கு என்னைக் காப்பாளராகக் கேட்டிருக்கிறார்கள். அங்கேயே தங்கவேண்டும். வியாழன் காலை பதில் சொல்லவேண்டும். புதன்கிழமை பெட்டியோடு வாசலில் இருப்பேன். வந்தால் உங்களோடு வருகிறேன். பாறையோ பள்ளமோ, எதையாவது பார்க்கலாம்.

உங்கள் மனைவி

மார்ச் 12 என்று நினைக்கிறேன்

அன்புள்ளவளே,

உன் கடிதத்தைச் செவ்வாயன்று வாங்கிய கையோடு உன்னிடம் வரக் கிளம்பினேன். வழியில் ஒரு வறண்ட ஏரி. தண்ணீர்போல மினுங்கும் வெள்ளைத் தரையில் ஆள் கனத்துக்குக் கற்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அது ஊர்ந்து வந்த நீண்ட தடம். ஊர்ந்ததைப் பார்த்தவர் இங்கே யாருமில்லையாம். ஒன்றாவது நகர்வதைப் பார்த்து உன்னிடம் சொல்லலாமென்று உட்கார்ந்தேன். இரண்டு இரவு நிலா வந்தது, போனது. வானம் தரைக்கு இறங்கியதுபோல் இருந்தது.

"என்ன சார், கல்லுக்குக் காவலா?" என்றார் ஏரிக் காவலாளி.

"நகரும்னாங்களே."

"நகரும் சார். அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல. உங்களுக்கு?"

நீ போனதும் இப்படித்தான். கண்முன்னே இருந்தாய், நான் தடத்தைத்தான் பார்த்தேன்.

நாளை காலை கட்டாயம் புறப்படுவேன்.

உன் கணவன்

மார்ச் 16

அன்புள்ள டாக்டருக்கு,

புதன்கிழமை இருட்டும்வரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் திரும்பிய ஒவ்வொரு காரும் கொஞ்ச நேரம் நம்முடையதாகவே இருந்தது. அக்கா காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் கேலி செய்யாததைப் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை இரவு நீங்கள் வந்து நின்றதாகச் சொன்னாள். கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. அழகாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தேன்.

நான் வியாழனன்றே சேர்ந்துவிட்டேன். மாடியில் அறை. ஞாயிறு மாலை பார்வையாளர்கள் வரலாம். ஆண்களுக்கு வெளி வராந்தா வரைதான் அனுமதி.

இப்படிக்கு,
காப்பாளர்,
மாணவியர் விடுதி