கைப்பிடியில் மாட்டிய பை

8-7-2025, செவ்வாய்

இன்றைக்கும் லேசர் நடக்கவில்லை. வலது கண் போன வருஷமே போய்விட்டது. இடது கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, சர்க்கரையால் வந்தது, ஒரு மாதத்துக்குள் லேசர் வைக்காவிட்டால் இதுவும் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் லேசர். மகன் ராபின் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு என்னைக் கும்மிடிப்பூண்டி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மிஷினில் தாடையை வைத்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா பெடலைக் காலால் அமுக்கினார். வெளிச்சம் வரவில்லை. மிஷினில் இன்டர்லாக் என்று எழுத்து வந்ததாம்.

நர்ஸ் கிறிஸ்டினாவைக் கேட்டேன். "கதவு தொறந்திருந்தா மிஷின் சுடாது ஆயா. உள்ள வர்றவங்க கண்ணுல பட்டுடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் இன்டர்லாக்."

"கதவு மூடித்தானே கீது?"

"அதான் எங்களுக்கும் பேஜாரா இருக்கு."

மூடின கதவைத் திறந்திருக்கிறது என்கிற மிஷின். இதை நம்பியா நான் இருக்கிறேன்?

10-7, வியாழன்

ஏஞ்சலின் ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். பேத்தி திட்டுவாள், திட்டட்டும். நாலாவது படித்ததில் எனக்கு மிச்சம் இந்த எழுத்து ஒன்றுதான்.

15-7, செவ்வாய்

மிஷின் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்திருந்தான். காலையில் ஆட்கள் வருவதற்கு முன் இருபது தடவை பார்த்தானாம், எல்லாம் சரியாம். கதவு சுவிட்சையே புதிதாக மாற்றிவிட்டானாம். முதல் மூன்று பேருக்கு ஒழுங்காக நடந்தது. நாலாவது ஆளுக்கு நின்றது. எனக்கும் நின்றது.

அவன் பக்கத்தில் வந்து குனிந்தபோது காதைப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த ஒருத்தன் காது அப்படியே. "ஊரு எதுப்பா?" என்று கேட்டேன். சொன்னான். பெயர் சரவணகுமார். நான் கூலிக்குப் போன நிலத்துக்காரன் வீரராகவன் மகன்.

எண்பத்து மூணு, தை மாசம், பதினேழாம் தேதி. அவர்கள் களத்தில்தான் எனக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டு வண்டி கேட்டேன். "நெல்லு ஏத்தியாச்சு, இப்போ எறக்க முடியாது" என்று சொன்னான் வீரராகவன். நடந்தே போனேன். அரை வழியில் பிறந்த பிள்ளை அழவே இல்லை. ராபினுக்கு மூத்தவன். பெயர்கூட வைக்கவில்லை.

16-7

ராபினிடம் சொல்லவில்லை.

22-7, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், டோக்கன் ஏழு. எனக்கு முன்னால் அத்திப்பட்டு அரசப்பன். பை உள்ளே வரக்கூடாது என்பது கிறிஸ்டினாவின் கண்டிப்பு. பெஞ்சில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எல்லோரும் லேசர் ரூம் கதவின் கைப்பிடியில் மாட்டிவிடுகிறோம். அரசப்பன் மகள் டிபன் கேரியரோடு பையை மாட்டினாள். உள்ளே, "போச்சு" என்றாள் கிறிஸ்டினா. மகள் தண்ணி பாட்டிலை எடுக்கப் பையைக் கழற்றினாள். "வந்துடுச்சு டாக்டர்!" திரும்ப மாட்டினாள். "ஐயோ, போச்சு."

எழுந்து போய்க் கைப்பிடியைத் தடவினேன். கனத்தில் தாழ்ந்திருந்தது. கதவு நூல் அளவு விட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது. போன வாரம் லேசர் நடந்த மூன்று பேரும் வெறும் சீட்டோடு வந்தவர்கள். நாலாவது ஆள் பை மாட்டினார். என் பையோ பன்னிரண்டு வருஷத்துச் சீட்டும் சோறும் தண்ணியும். "இன்னாம்மா, ஊட்டையே தூக்கினு வர்ற?" என்று ராபின்கூடக் கேட்டான். இன்ஜினியர் காலையில் பார்க்கும்போது யார் பை மாட்டினார்கள்?

சரவணகுமார் வெளியே வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. "ஆயா, இங்கதானே உக்காந்துகினு இருக்கீங்க? யாராச்சும் கதவத் தொட்டாங்களா?"

"எனக்குக் கண்ணு தெரியாதுப்பா," என்றேன்.

டாக்டரம்மா அவனை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். மூன்று வாரமாக மிஷின் நிக்குது, இன்னா கிழிச்ச என்று. இனித்தது. பொய் ஏன் எழுத வேண்டும், இனித்தது. என் முறையில் பை இல்லாமல் போய்க்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

என் முறை வருவதற்குள், ஆறாவதோடு நிறுத்திவிட்டார்கள்.

23-7, புதன்

கிறிஸ்டினா போன் செய்தாள். மிஷினைக் கழற்றி வேனில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்களாம், காலை எட்டு மணிக்கே. வர மூன்று வாரம். "வேற எடம் பாக்கலாம்மா," என்றான் ராபின். கம்பெனியில் இனி லீவு கேட்டால் வேலைக்கே வராதே என்கிறார்களாம்.

நேற்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கைப்பிடியைப் பாருப்பா என்று. நாலுகூட இல்லை, ரெண்டு.

27-7, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. என்ன சொல்லி மண்டி போடுவது?

1-8

கண்ணுக்குள்ள கருப்பு நூல் நூலா இறங்குது. காலைல ஒண்ணு. இப்போ மூட்டம். எழுத்து மேல எழுத்து விழுதா தெரியல. ராபின் அழுவுறான். அழுவாதடா. நான்தான்டா

12-8-2025, செவ்வாய்

நான் சொல்லச் சொல்ல ஏஞ்சல் எழுதுகிறாள்.

மிஷின் வந்துவிட்டது. சென்னையில் பிரித்துப் பார்த்து ஒரு பழுதும் இல்லை என்று சொன்னார்களாம். என் கண்ணையும் டாக்டரம்மா பார்த்தார். திரை பிய்ந்துவிட்டது, இனி லேசரால் ஆவதில்லை என்றார்.

சரவணகுமார் இருந்தான். என் பையைக் கைப்பிடியில் மாட்டி, "இப்போ போட்டுப் பாரு," என்றேன். போட்டான். மிஷின் நின்றது. பையைக் கழற்றினான், வந்துவிட்டது. பிறகு, "அன்னிக்குக் கேட்டேனே ஆயா," என்றான். உங்க அப்பன்கிட்டே நானும் கேட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்து நின்றது. பெஞ்சு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். வீரராகவனை மன்னிக்கவில்லை. ஆனால் இந்தக் கை வேறு கை.

கிளம்புவதற்குள் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இரும்புக் கொக்கி அடித்துவிட்டார்கள். தடவிப் பார்த்தேன். நாலு ஸ்க்ரூ. அரசப்பனுக்கு இன்று லேசர் ஆனது.

ஏஞ்சல் பேனாவை நிறுத்திவிட்டு முன்பக்கம் புரட்டுகிறாள். தாள் சத்தம். அதுவும் நிற்கிறது.

"ஆயா, இருபத்திரண்டாம் தேதியே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. நீ கேட்டதையும் எழுது."

எழுதுகிறாள். கேட்கிறது.