கம்பில் ஒரு வெட்டு

4 மே 1943
இன்றும் மரவள்ளிக் கிழங்குதான். உப்பு இல்லை. எழுத வேறொன்றும் இல்லை என்று நோட்டை மூடப் போனேன். அதற்குள் அவர் வந்து கதவோரம் நின்றுகொண்டு, "தாயம்மா, ஒன்கிட்ட ஒன்னு கேக்கணும்" என்றார். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவர் என்னிடம் கேட்கும் முதல் உதவி.

ரப்பர் தகடு போடும் ஸ்டோரில் எஞ்சின் பார்க்க ஓர் ஆள் வேண்டுமாம். ஜூன் முதல் வாரம் ஜப்பான்காரன் வந்து சோதித்துப் பார்ப்பான். தேறினால் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுப்பார்கள். பட்டை கட்டியவனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிக்க மாட்டார்களாம்.

கல்யாணம் ஆனவனைப் பிடிக்க மாட்டார்கள் என்றும்தான் சொன்னார்கள். அதை நம்பி இந்தத் தோட்டத்தில் ஒரே மாதத்தில் ஒன்பது கல்யாணம்; அதில் எங்களுடையதும் ஒன்று. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர். என்னைச் சிரம்பானில் ஏழாவது வரை இங்கிலீஷ் படிக்க வைத்தார். அவர் காய்ச்சலில் போனதும், அம்மா அவசர அவசரமாக என்னை ஒரு ரப்பர் பால் வெட்டுக்காரருக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். போன வாரம் கல்யாணம் ஆனவர்களையும் லாரியில் ஏற்றினார்கள்.

"ஒன் பெட்டியில எஞ்சின் புஸ்தகம் இருக்குல்ல?"

என் பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தைத்தான் சொல்கிறார். எப்போது பார்த்தாரோ.

7 மே
பாடம் தொடங்கியாயிற்று. லீவர் என்றால் நெம்புகோல், ஃபல்க்ரம் என்றால் அதற்கு முட்டு. இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொல்லி, மூன்று முறை திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். கொட்டாவி விடுகிறார். கத்திவிட்டேன். "மண்டையில ஏறல லா, நான் என்ன செய்ய?" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். கோபத்திலும் மெதுவாகத்தான் மூடுகிறார்.

12 மே
"கடப்பாரைக்கு முட்டுக் குடுக்குற கல்லு, சொமைக்குக் கிட்ட இருந்தா ஏன் லேசா இருக்கு?" என்று கேட்டார். நான் புத்தகத்து வரியை ஒப்பித்தேன்.

"அது சரி புள்ள. ஏன்?"

மறுபடியும் ஒப்பித்தேன். வகுப்பில் இதற்கு முழு மார்க் வாங்கியவள் நான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. இருவருமாகக் கடப்பாரையும் செங்கல்லும் வைத்து அம்மிக்கல்லைக் கிளப்பிப் பார்த்தோம். கல் ஓர் அங்குலம் எழும்ப, என் கை ஒரு முழம் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. "பலத்துல மிச்சம் புடிக்கிறத தூரத்துல குடுக்குறோங்க!" என்றேன். எனக்கே அப்போதுதான் விளங்கியது.

"இப்பச் சொன்ன பாரு, வாத்தியாரம்மா" என்று சிரித்தார். சிரித்தால் நன்றாக இருக்கிறார். இத்தனை நாள் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

16 மே
மழை. பால் வெட்டு இல்லை. நாள் முழுக்கப் பாடம், நாள் முழுக்கச் சிரிப்பு.

19 மே
புத்தகத்தில் ஒரு கணக்கு. ஆறடிக் கம்பில் அறுபது இராத்தல் சுமையை இருவர் தூக்குகிறார்கள். சுமை ஒருவனுக்கு இரண்டடி தள்ளி, மற்றவனுக்கு நாலடி தள்ளி. யாருக்கு எவ்வளவு கனம்? நான் பென்சில் தேடுவதற்குள், "கிட்ட இருக்குறவனுக்கு நாப்பது, மத்தவனுக்கு இருவது" என்றார்.

எப்படித் தெரியும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

20 மே
தினமும் காலையில் கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் மொண்டு, காண்டா கம்பில் தொங்கவிட்டு இருவருமாகத் தோளில் தூக்கி வருவோம். முன்னால் நான், பின்னால் அவர். "நீ முன்னால போ, வழி பாத்து நட" என்பார். இன்று திரும்பிப் பார்த்தேன்.

தகரம் நடுவில் இல்லை. அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளித் தொங்குகிறது. கயிறு நழுவாமல் இருக்கக் கம்பில் கத்தியால் ஒரு வெட்டு வேறு. பழைய வெட்டு, கறுத்திருக்கிறது.

மூன்று மாதமாகவா? தண்ணீர் தூக்குவதெல்லாம் ஒரு வேலையா என்று அம்மாவிடம் பெருமை பேசினேனே, மடச்சி.

வீட்டுக்கு வந்து அழுதேன். வெங்காயம் என்று சொல்லவும் வீட்டில் வெங்காயம் இல்லை.

5 ஜூன்
தேறிவிட்டார்! எஞ்சின் சக்கரத்தைக் கிளப்பச் சொல்லி, இரும்புக் கம்பியும் கட்டையும் கொடுத்தானாம் ஜப்பான்காரன். கட்டையைச் சக்கரத்துக்கு ஒட்டினாற்போல வைத்து ஒற்றைக் கையால் அழுத்தினாராம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் அசந்துபோய், "யாருடா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாராம்.

"வூட்டுல."

பட்டையை முதலில் என் கையில் கட்டி அழகு பார்த்தார். இனிப் பயமில்லை.

28 ஜூன்
சயாமில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்கள் நின்று கிடக்கின்றனவாம். எஞ்சின் தெரிந்தவர்களை அனுப்ப உத்தரவு. பட்டை கட்டியவர்கள்தான் முதலில்.

29 ஜூன்
ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்தானே சொல்லிக் குடுத்தேன் — நான்தானே! ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால்? அப்போதும் பிடித்திருப்பார்களோ? யாரைக் கேட்பேன்.

லாரியிலிருந்து குனிந்து, "அழுவாத புள்ள. தகரத்துல பாதி மட்டும் மொண்டுக்க" என்றார்.

14 ஜனவரி 1944
பொங்கல். பாதிதான் மொள்கிறேன்.

3 மார்ச் 1945
அடுத்த வீட்டு முத்தாயி அக்கா, "சும்மாதான கெடக்கு, அடுப்புக்குக் குடேன்" என்று காண்டா கம்பைக் கேட்டாள். தர முடியாது என்றுவிட்டேன். கோபித்துக்கொண்டு போனாள். போகட்டும்.

9 டிசம்பர் 1945
வந்துவிட்டார்.

கோலா சாவா முச்சந்தியில் லாரி இறக்கிவிட்டதாம், அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரு வேணும்ங்க?" என்றேன்.

"வாத்தியாரம்மா" என்றார்.

காலில் ஆறாத புண். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. என் மேல் கோபமா என்று கேட்டேன். எஞ்சின் கொட்டகையில் இருந்ததால்தான் உயிரோடு வந்தேன் என்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ என்னவோ.

17 டிசம்பர்
தண்ணீருக்கு நானும் வருவேன் என்று ஒரே பிடிவாதம். சரி என்று கம்பை மாற்றிப் பிடித்தேன். "நீங்க முன்னால போங்க, வழி பாத்து நடங்க."

வெட்டு இப்போது என் பக்கம். வழியெல்லாம் தோள் எரிந்தது. அப்போதெல்லாம் இவ்வளவு கனத்தையா சுமந்தார்?

வாசலில் இறக்கியதும் கம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

18 டிசம்பர்
காலையில் கம்பை எடுத்தேன். சரியாக நடுவில் புதிதாக ஒரு வெட்டு. மரச் சீவல் இன்னும் தரையில் கிடந்தது.