மா தின்னின் அம்மாவுக்கு வைத்த இறால்

இன்று காலை லான்மடாவ் கடைத்தெருவில் ஒரு பெண் உப்பிட்டு வடித்த மீன் சாற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போய் மூன்று வருஷமாகிறது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சித்திரை மத்தியானமும், மா தின்னின் அம்மாவுடைய வீங்கிய கன்னமும்தான்.

பெரிய யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். நீ ஆற்றுக் கப்பலில் சமையல்காரன்; நான் ஐஸ் கிடங்கில் கட்டி அறுப்பவன். இருவருக்கும் ஒரே அறை. துறைமுகத்தருகே பூ விற்ற பர்மாப் பெண் மா தின்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாய். அவளுக்கும் சம்மதம். அவள் அம்மாதான், "கடல் தாண்டி வந்தவன், ஒருநாள் கப்பலேறிப் போய்விடுவான்" என்று பிடிகொடுக்கவில்லை. கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் அறைக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பினார்.

இறால் குழம்பு வைப்பதென்று நீ முடிவு செய்திருந்தாய். விடிந்ததும் இறால் வாங்கி வந்து, மிளகாய் அரைத்து அம்மியைக் கழுவும்போது மா தின் மூச்சிரைக்க வந்து நின்றாள். முந்தின நாள் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள்.

"சூடு ஆகாது, காரமும் ஆகாது. ஆனாலும் வருவேன்னு நிக்கிறாங்க. இன்னைக்கு விட்டா மறுபடி வரமாட்டாங்க."

கஞ்சி வைக்கலாமே என்றேன்.

"கஞ்சி ஊத்திப் பொண்ணு கேக்கவா?" என்றாய். அரைத்த மிளகாயை மூடி ஓரமாக வைத்துவிட்டு இறாலை இழுத்துக்கொண்டாய். "நீ போய் ஐஸ் கொண்டா."

மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு கட்டி வாங்கி, மரத்தூளோடு சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் ஓடினேன். முதுகெல்லாம் ஐஸ் தண்ணீர் வழிந்தது.

நீ உப்பும் இஞ்சியும் போட்டுக் கொதித்த தண்ணீரில் இறாலைக் கொட்டினாய். அது சிவந்து சுருளத் தொடங்கியதும் அரித்தெடுத்துவிட்டாய்.

"இன்னும் கொஞ்சம் வேகட்டுமே."

"இப்ப எடுத்தாத்தான் மெத்துனு இருக்கும். விட்டா ரப்பர்டா."

கழுவிய ஐஸை உடைத்துப் போட்ட தண்ணீரில் அதை ஆறவைத்து, வாலை மட்டும் விட்டுத் தோலுரித்தாய். தட்டில் ஐஸ் பரப்பி, வாழையிலை போட்டு, அதன்மேல் அடுக்கினாய். தொட்டுக்கொள்ள மீன் சாறு, எலுமிச்சை, பனைவெல்லம், நசுக்கிய பூண்டு, கிள்ளிய கொத்தமல்லி. பழக்கத்தில் மிளகாய்க்குப் போன கை பாதியில் திரும்பி வந்தது. நக்கிப் பார்த்துவிட்டு என் வாயிலும் ஒரு சொட்டு விட்டாய். புளிப்பும் இனிப்பும் உப்புமாக நாக்கு விழித்துக்கொண்டது.

மத்தியானம் மா தின்னோடு அவள் அம்மா கன்னத்தைத் துணியால் பொத்தியபடி வந்து பாயில் உட்கார்ந்தார். ஒரு இறாலைத் தோய்த்து, வலியில்லாத பக்கமாக ஒதுக்கி மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்னொன்று. தட்டில் இலை தெரிய ஆரம்பித்தபோது பர்மா பாஷையில் ஏதோ முனகினார். மா தின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"மிளகாய் ஏன் போடலைன்னு கேக்கிறாங்க."

"பல்லு ஆறட்டும், அமே," என்றாய். அவரை அம்மா என்று நீ கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அடுத்த தடவை போடறேன்."

அவர் உன்னை நிமிர்ந்து பார்த்தார். கடைத்தெருவில் பழகிய அரைகுறைத் தமிழில் கேட்டார்: "அடுத்த தடவை நீ இங்க இருப்பியா?"

"வேற எங்க போவேன்?"

அதைக் கேட்டபிறகுதான் அவர் துணியைக் கன்னத்திலிருந்து எடுத்தார். கோணலாக ஒரு சிரிப்பு. "உன் பக்கத்து ஆளுங்க யாரு? கல்யாணம் பேசணுமே."

சொந்தம் என்று உனக்கு இந்த ஊரில் ஒருவரும் இல்லை. நீ தயங்கவே இல்லை. ஈரச் சட்டையோடு மூலையில் நின்ற என்னைக் காட்டி, "என் அண்ணன்" என்றாய்.

கல்யாணத்தில் அண்ணன் இடத்தில்தான் நின்றேன். ஆறு வருஷம் நீ ஆற்றில் போவதும் திரும்புவதுமாக வாழ்ந்தாய். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தாய். காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது, கப்பல் இல்லை. விட்டுப் போகாத மருமகன் என்று உன் மாமியார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்.

உன் மகள்கள் இருவரும் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள். தமிழ் குறைவுதான். என்னைப் 'பாஜி' என்கிறார்கள். பர்மா பாஷையில் பெரியப்பா. கூடப்பிறந்தவர் யாருமின்றி இந்த ஊரில் இறங்கியவன் நான். இப்போது தெருவில் நடந்தால், பின்னாலிருந்து இரண்டு குரல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவருகிறது.