உன் பெயருக்குக் கீழே

இந்தக் கீபோட்டில் ஒரே ஒரு எழுத்துத்தான் அழிந்துபோயிருக்கிறது. கீழ் வரிசையின் இடது ஓரத்தில் இருப்பது. அந்த விளையாட்டில் சுடுவதற்கான எழுத்து. நேற்று மேசை துடைத்தபோது விரல் அதில் பட்டது. மற்றவை சொரசொரப்பாக இருக்க, அது மட்டும் பழைய கோப்பையின் விளிம்புபோல வழுவழுவென்றிருந்தது. அதைத் தேய்க்கத் தொடங்கியவள் நீ. பிறகு என் தம்பி தேய்த்தான். கடைசியாகக் கொஞ்சம் நானும்.

சுனாமியாகக் கடல் வந்துபோன அடுத்த வருடம் நாம் இருவரும் மட்டக்களப்பில் ஒரு நிவாரண அலுவலகத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம். பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், அங்கும் பக்கத்து மேசைகள். வெளிநாட்டிலிருந்த உன் அண்ணன் ஒரு சீடியில் அந்த விளையாட்டை அனுப்பியிருந்தார். எந்தக் கம்பனியும் செய்ததல்ல, யாரோ ஒருவன் தன் வீட்டறையில் தனியே இருந்து செய்தது என்று பெருமையாகச் சொன்னாய், நீயே செய்தது போல. திரை முழுவதும் சிவப்பும் நீலமுமாக எதிரிகள் சுடும் சன்னங்கள் பூவிரிவதுபோல் விரிந்து இறங்கும். கீழே உன் சின்ன விண்கப்பல் அவற்றுக்கிடையே நெளிந்து நெளிந்து போகும். கப்பலின் செட்டையில் பட்டால் ஒன்றுமில்லை. நடுவிலே ஒரு புள்ளி இருக்கிறது, அதில் பட்டால்தான் சாவு. இதைக் கண்டுபிடித்த அன்று நீ கதிரையிலிருந்து துள்ளி எழுந்தாய்.

"சன்னத்தப் பாக்காத கா, இடத்தப் பாரு" என்பாய். எனக்குச் சன்னங்கள் மட்டும்தான் தெரியும். அரை நிமிடத்தில் செத்துவிடுவேன்.

இப்போது இதைச் சொன்னால் கேட்பவர்கள் உடனே போரோடு ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நகரத்திலிருந்து வாவிக்கு மேலால் அக்கரையிலுள்ள படுவான்கரைப் பக்கம் போன பீரங்கிச் செல்களை நாம் பார்த்ததே இல்லை. அலுவலகத்து யன்னல் கண்ணாடி அதிர்வதைத்தான் கேட்டோம். விளையாட்டில் ஒவ்வொன்றும் நிறத்தோடு, மெதுவாக, கண்ணுக்குத் தெரிய வந்தது. அதைச் செய்தவன் இரக்கமுள்ளவன்.

என் தம்பிக்குக் கடலோர நாவலடியில் கலியாணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் நகரச் சந்தைக்கு வந்திருந்தான். மனைவி வீட்டிலிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவன் பேசுவதை விட்டுவிட்டான். சாப்பிடுவான், குளிப்பான், பின்னேரத்தில் சைக்கிளில் வந்து என்னை அலுவலகத்திலிருந்து ஏற்றிப்போவான். வாய் மட்டும் திறக்காது. நான் கோயிலுக்குக் கூட்டிப்போனேன், வைத்தியரிடம் கூட்டிப்போனேன். எனக்கு நம்பிக்கையில்லாத சாத்திரியாரிடமும் கூட்டிப்போனேன். அவன் முன்னால் உட்கார்ந்து தனியே கதைத்துக்கொண்டிருந்த மாலைகள் எத்தனையோ.

ஒரு பின்னேரம் அவன் எனக்காகக் காத்துக்கொண்டு உன் கதிரைக்குப் பின்னால் நின்றான். நான் என் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா."

நான் திரும்பினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட குரல். அவன் கண் உன் திரையில் இருந்தது.

"அக்கா, இடப்பக்கம் இடம் இருக்கு."

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கண்டன், கண்டன். நீ வாய மூடுடா, செத்துருவன்!"

வாய் திறந்தவனை வாயை மூடச் சொன்னாய். அவன் சிரித்தான். நான் கைப்பையோடு அப்படியே நின்றேன். சந்தோசப்பட வேண்டிய நேரம் அது என்று தெரிந்தது. சந்தோசம் வரவில்லை. வந்தது வேறு.

அன்றிலிருந்து தினமும் நேரத்தோடு வந்தான். நீங்கள் மாறி மாறி விளையாடினீர்கள், ஒருவர் புள்ளியை ஒருவர் தாண்டினீர்கள், ஏசிக்கொண்டீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளில் எனக்கு உன் கதைதான். வீட்டில் சோறு போடும்போதும் உன் கதைதான். ஒருநாள் பொறுக்காமல் உன்னிடம் கேட்டேன்: "நீ தம்பிய விரும்புறியா?"

"விசர்க்கதை கதைக்காத கா. அவன் எனக்கு ரெண்டாம் இடம்" என்று திரையைக் காட்டினாய். உண்மைதான். முதலில் உன் பெயர், அதற்குக் கீழே அவன் பெயர். என் பெயர் எங்கும் இல்லை.

போர் முடிந்தது என்று தெருவில் வெடி கொளுத்திய நாளிலும் நீங்கள் இருவரும் விளையாடினீர்கள். யாரும் யாரையும் ஏசவில்லை. நீ கீபோட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாய், கப்பல் சாவதை அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் உங்களுக்குள் நுழைய எனக்கு வழி கிடைக்கவில்லை.

பிறகு நீ கனடா போனாய். அலுவலகம் மூடியபோது அந்தக் கணினியை அவன் வாங்கினான். அது பழுதானதும் விளையாட்டைப் புதியதற்கு மாற்றிக்கொண்டான், உன் பெயரும் புள்ளியும் அழியாமல். கீபோட்டை மட்டும் மாற்றவில்லை. முந்தின வருடம் உன் நோயைப் பற்றிச் செய்தி வந்தது. அதற்குப் பின்னாலேயே மற்றச் செய்தி.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அவன் நன்றாக விளையாடிக்கொண்டே போவான். புள்ளி உன்னுடையதை நெருங்கும்போது கீபோட்டிலிருந்து கையை எடுத்துவிடுவான். கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும். சன்னங்கள் வந்து அதை முடித்துவிடும். உன் பெயர் மேலே அப்படியே இருக்கும்.

அது எனக்குத் தாங்கவில்லை. உயிரோடிருந்தபோது அவனை ஏசி ஏசித் தோற்கடித்தாய். இப்போது கை அசைக்காமலே வெல்கிறாய். உன் பெயரை நானே இறக்குவேன் என்று முடிவெடுத்தேன். அவன் வேலைக்குப் போனதும் உட்காருவேன். ஒரு வருடத்துக்கு மேல் பழகினேன். விரல் மூட்டு வீங்கியது. சன்னங்களைப் பார்ப்பதை விட்டு இடத்தைப் பார்க்கத் தொடங்கியது எப்போதென்று தெரியவில்லை. அந்த வாக்கு உன்னுடையதென்று நினைக்கும்போது அதுவும் எரிச்சல்தான்.

போன மாதம் அவன் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருக்கும்போது தாண்டினேன். திரை என் பெயரைக் கேட்டது. அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஏன் பாத்துக்கிட்டு இருக்காய்? உன்ட பேர அடி."

அடித்தேன். உன் பெயர் ஒரு படி இறங்கியது. அவன் கோப்பையை மேசையில் வைத்தான்.

"அக்கா இறங்கிட்டா" என்றான். பிறகு, "எழும்பு, இஞ்ச தா கதிரைய."

உட்கார்ந்தான். உன் புள்ளியைத் தாண்டினான். கையை எடுக்கவில்லை. கோப்பையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் என்னையும் தாண்டினான்.

"உன்னத் தாண்டுறது லேசு அக்கா!"

உனக்காக எடுத்த கையை எனக்காக எடுக்கவில்லை, கவனித்தாயா? இப்போது அவன் முதல், நான் இரண்டு, நீ மூன்று. பின்னேரங்களில் அவன் அறையிலிருந்து சத்தம் வரும்: "அக்கா, வா, ஏலுமெண்டா என்னத் தாண்டு!" நான் உடனே திரும்புவதில்லை. ஒரு கணம் நிற்கிறேன். கூப்பிட்டது என்னைத்தானா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.