கொடும்பாவிக்கு வெள்ளை அங்கி

ஜூன் 4, வியாழன்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. கொஞ்சம் தூறல், உடனே வெயில். கொடியில் துணி நிற்கவில்லை. ரேஷன் கடைக்குப் போகவில்லை.

பல வருடம் முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், நம்மூரு தலைவருங்களுக்கு அரபு நாட்டப் பத்தித் தெரிஞ்சு என்னங்க ஆகப்போவுது? ரோடும் தண்ணியும் ஒழுங்காப் பாத்தாப் போதாதுங்களா?" பெட்ரோல், பேரீச்சை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்று முழுக்க அந்தக் கேள்விதான் மண்டைக்குள்.

காரணம், மாடியில் குடியிருக்கும் கோமதி. தையல் வேலை. கணவன் மனோகரன் வளைகுடா நாடு ஒன்றில் மெஷின் மெக்கானிக். லீவு கிடைக்காத கோபத்தில் முதலாளியையும் அந்த நாட்டையும் கண்டபடி திட்டி வீடியோ போட்டுவிட்டான். முதலாளி புகார் கொடுத்தார். போன மாதத்திலிருந்து சிறையில்.

மதியம் மனோகரனுடைய கம்பெனி மேனேஜர் சலீம் போன் செய்தார். பாலக்காட்டுக்காரர். "டீச்சரே, முதலாளியோட வாப்பா, அவரோட அப்பா, சொன்னா புகார் வாபஸ் ஆகும். பெரியவர் மனசு இளகி வருது. ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்னிருக்கார். அது வரைக்கும் சத்தம் வேண்டா."

கோமதி இன்றுதான் முழுச் சாப்பாடு சாப்பிட்டாள்.

சாயங்காலம் டவுன் பஞ்சாயத்து சேர்மனின் ஆட்கள் இரண்டு பேர். கையில் வெள்ளைத் துணி. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் கண்டன ஆர்ப்பாட்டமாம். முதலாளியின் கொடும்பாவியை எரிப்பார்களாம். "அம்மணி, அவிங்க போடற மாதிரி நீட்டமா ஒரு அங்கி தெச்சுக் குடுத்துருங்க. உங்க ஊட்டுக்காரருக்காகத்தானுங்களே."

கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு துணியை வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 5, வெள்ளி

சரியாகத் தூங்கவில்லை. கேஸ் புக்கிங். பி.பி. மாத்திரை தீர்ந்தது. சேர்மனைப் பார்க்க வேண்டும். கடைசியை முதலில் செய்தேன்.

சேர்மன் தங்கவேலு கெட்டவர் அல்ல. இதை எழுதி வைக்க வேண்டும். போன கோடையில் குடிதண்ணீருக்காக நடு ரோட்டில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாள் தண்ணீர் வந்தது. அதைத்தான் இன்றும் சொன்னார்.

"சத்தம் போடாம இங்க எந்த ஆபீசுல என்ன நடந்திருக்குதுங்க டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

"இங்க செரிங்க. அங்க புகார் குடுத்தவங்களே மன்னிச்சாத்தான் பையன் வெளிய வருவான். மன்னிக்க வேண்டியவரோட உருவத்தை, அவங்க உடுப்பையே மாட்டி எரிச்சா என்ன ஆகும்?"

முகத்தில் மாற்றம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி உதாரணம் சொல்வது. "உங்க சம்சாரம் கோவிச்சுட்டு தாராபுரம் போயிட்டாங்கன்னு வையுங்க. கூட்டிட்டு வரப் போறீங்க. மாமனார் வாசல்ல மைக் கட்டுவீங்களா?"

பின்னால் ஒருவன்: "அண்ணன் போன தடவை கால்ல உளுந்துதானுங்க கூட்டிட்டு வந்தாரு!" எல்லோரும் சிரித்தார்கள். சேர்மனும்தான்.

"அதுக்காக அந்த நாடே எனக்கு மாமனாருங்களா? பேனர் அடிச்சாச்சு. லைவ் போடறோம்னு சொல்லிப்போட்டோம். இப்ப உட்டா பயந்துட்டேம்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா டீச்சர்?"

"இல்லீங்க."

"எல்லாம் பொஸ்தகத்துல படிச்சதுதானுங்களே."

உண்மைதானே. சலீம் சொன்னதைத் தவிர என் கையில் என்ன இருக்கிறது? நான் தடுத்து, அதனால் அவன் வராமலே போனால்? கோமதி முகத்தில் எப்படி விழிப்பேன்? மாத்திரை வாங்க மறந்தேன்.

மாலை மாடியில் தையல் மெஷின் சத்தம். அந்த அங்கிதான். "தைக்கலீன்னா நாளைக்கு ஒரு ஒத்தாசைக்கும் வரமாட்டாங்க டீச்சர். தெச்சா அவரு வருவாரான்னும் தெரியல." கழுத்துவரை முடித்திருந்தாள்.

ஜூன் 6, சனி

காற்று இன்னும் அதிகம். பஸ் ஸ்டாண்டு பேனர் ஒரு பக்கம் கிழிந்து படபடவென்று அடித்தது. நல்ல கூட்டம். கொடும்பாவிக்கு அங்கி மாட்டியாயிற்று.

வெட்கத்தை விட்டுச் சேர்மனின் வேனுக்கே போனேன். சலீமைப் போனில் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். "என்னை நம்ப வேண்டாங்க. இவரு இருபது வருசமா அங்கயே இருக்காரு. இவரைக் கேளுங்க."

ஸ்பீக்கரில் சலீம்: "எரிக்கிற வீடியோ அரை மணிக்கூர்ல பெரியவர் கையில இருக்கும் சாரே. அதோட கதவு அடைஞ்சு."

சேர்மன் போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு எனக்கே கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டார்: "செரிங்க, அந்தப் பெரியவர்கிட்ட எப்பிடிக் கேக்கோணும்?"

சலீம்: "பையன் வீட்டுல மூத்த ஆள் ஒருத்தர் கேக்கணும். தப்பு எங்களுதுன்னு சொல்லணும்."

மனோகரனுக்கு அப்பா இல்லை. கூடப் பிறந்தவரும் இல்லை.

வெளியே ஒரு குரல்: "அண்ணா, லைவ் ஓடிட்டிருக்குதுங்க! பத்த வைக்கலாமுங்களா?"

"மொதல்ல அதை நிறுத்துடா!" என்னை வெளியே நிறுத்தி வேன் கதவைச் சாத்திக்கொண்டார்; சலீம் பெரியவரையும் லைனில் சேர்த்தார். பாதி திறந்த கண்ணாடி வழியே பார்த்தேன். தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து மடியில் வைத்தார். மைக்கில் கேட்கும் குரலே இல்லை அது. "ஏனுங்க ஐயா... எங்க பையன் தப்புப் பண்ணிப்போட்டானுங்க... நானுங்களா? அவனுக்கு அண்ணன் மொறை ஆகோணுங்க..." சலீம் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்.

இறங்கி வந்து மைக்கில் ஒரே வரி: ஆர்ப்பாட்டம் ஒத்திவைப்பு. "விலை போயிட்டாருடா" என்று ஒருவன் அவர் காதுபடவே சொன்னான். கொடும்பாவியை ஆட்டோவில் திணித்தார்கள். கால் வெளியே நீட்டிக்கொண்டு போனது.

ஆனால் லைவ் அதுவரை ஓடியிருக்கிறது. பெரியவர் பார்த்திருந்தால்?

ஜூன் 7, ஞாயிறு

மாத்திரை வாங்கினேன். கேஸ் வந்தது. போன் வரவில்லை. கோமதி படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். காபி ஆறிப்போனது, இரண்டு முறை.

சாயங்காலம் சலீம். பெரியவர் லைவைப் பார்த்துவிட்டாராம். "எரித்தார்களா?" என்று மட்டும் கேட்டாராம். இல்லை என்றதும், "அண்ணன் கேட்டுவிட்டார், போகட்டும்" என்றாராம். புகார் வாபஸ். வேலை போயிற்று; இனி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. ஆனால் வருகிறான்.

கோமதி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு, "வரட்டுங்க. எம் மெஷினுக்கு எண்ணெய் உட ஒரு ஆள் வேணுமில்ல."

சேர்மனுக்குச் சொன்னேன். "இனிமே வெளிநாட்டுச் சமாச்சாரம்னா உங்களைத்தான் கேப்பேனுங்க டீச்சர்" என்றார். என்னைக் கேட்க வேண்டாம், எனக்கும் தெரியாது என்றேன்.

அந்த ஒன்பதாம் வகுப்புக் கேள்விக்கு இன்று இதுதான் என் பதில். மேடை ஏறுகிறவர் யாரானாலும் இதைச் செய்து பாருங்கள்: வேறொரு நாட்டைப் பற்றி வாய் திறக்குமுன், அங்கே வாழ்கிற ஒருவருக்குப் போன் போட்டு, "இதை அங்கே எப்படி எடுத்துக்கொள்வார்கள்?" என்று கேளுங்கள்.