ரேடியம் மின்னுமா?

1984 ஜூலை 12, வியாழன்

ஆஸ்பத்திரியில், நாக்கில் புற்றுநோய் வந்தவருக்குச் சிகிச்சைக்காகக் குத்தியிருந்த ரேடியம் ஊசிகளை எடுத்து எண்ணினால் ஒன்று குறைகிறது. அழுக்குத் துணியோடு சலவைக்குப் போயிருந்தால்... கதிர்வீச்சு கவுன்ட்டரைத் தூக்கிக்கொண்டு துணி அறைக்கு ஓடினேன். ஃபேன் இரைச்சலில் அதன் டிக் டிக் ஒலி கேட்கவே இல்லை. ஆயா கன்னியம்மா லைட், ஃபேன் என்று எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டாள்.

"இன்னா சார் முழிக்கிற? ரேடியம் இருட்டுல மின்னும்ல, எங்க வூட்டு கடியாரம் மாதிரி?"

பிளாட்டின உறைக்குள் இருப்பது எங்கே மின்னும்! திட்ட வாய் திறந்தேன். ஃபேன் நின்ற நிசப்தத்தில், மூன்றாவது அழுக்குத் துணி மூட்டையருகே கவுன்ட்டர் படபடவென்று பொரிந்தது. கிடைத்துவிட்டது! செம்பாக்கத்தில் வீடு வந்து சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

நாளை ரிப்போர்ட் எழுத வேண்டும். 'விளக்கை அணைத்துத் தேடினோம்' என்றே எழுதுவேன்.