சுபாவின் அழுகைக் கணக்கு

8.1.2025, புதன்

இருந்தவர்கள்: நான், என் மூன்று வயது மகள் சுபலட்சுமி, குழந்தைகளின் பிறவிக்குணத்தை ஆராயும் தமிழ்வாணி மேடம், படம் பிடிக்க வந்த பெண். என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார்.

மேடம் சாவி கொடுத்த பொம்மை நாயைத் தரையில் விட்டார். சுபா என் முந்தானைக்குள் புகுந்தவள் வெளியே வரவே இல்லை. "என் வளர்ப்புல தப்பா மேடம்?" என்றேன். "பிறவியிலேயே கூச்சம்க்கா. உங்க தப்பு இல்ல." மூன்று வருஷத்தில் இன்றுதான் நிம்மதி.

எப்போது அழுதாள், எதற்கு, எவ்வளவு நேரம் – தினமும் நோட்டில் எழுதித் தரவேண்டும். பேர் வெளியே வராதாம். மேடம் புதன்தோறும் பத்து மணிக்கு வந்து பார்ப்பாராம். எனக்கென்ன கஷ்டம்? கோயில் பலகையில் விளக்கு பூஜைப் பட்டியல் எழுதுவதே நான்தானே.

4.2.2025, செவ்வாய்

காலை 8.10. கேஸ்காரர் வந்தார். 25 நிமிடம் அழுகை. அடித்துவிட்டேன். மறைத்தால் கணக்கு பொய்யாகிவிடும்; மேடத்தின் நோட்டிலும் எழுதிவிட்டேன். மீனாட்சி தாயே, பொறுத்துக்கொள்.

12.3.2025, புதன்

சுபா தானாகப் போய் மேடத்தின் மடியில் உட்கார்ந்தாள்! "அக்கா, நாய்க்குப் பசிக்குது." வெளியாளிடம் அவள் பேசிய முதல் பேச்சு. மேடத்துக்கும் கண் கலங்கிற்று. பொம்மையை அவளிடமே விட்டுப் போனார்.

28.6.2025, சனி

சுபாவை அடுத்த வருஷம் சேர்க்கப்போகும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பேச வந்தது தமிழ்வாணி மேடம். பெருமையாக முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு நோட்டுப் பக்கம். பேரை மட்டும் கறுப்பாக அடித்திருந்தது. மேலே பிள்ளையார் சுழி. கீழே, 'அடித்துவிட்டேன்'. தலைப்பு: 'கண்டிப்பான தாய், ஒடுங்கும் குழந்தை.'

பேரை மறைத்தால் போதுமா? பழங்காநத்தத்தில் என் கையெழுத்தைப் படிக்காத பொம்பளை யாரு?

பின்னாலிருந்து எதிர்வீட்டு மாயக்காள்: "ஏத்தா, இது நம்ம பூசைப் பலகை எழுத்துல்ல? சாமி சாமின்னு கெடக்குறவ, பச்சப்புள்ளய இம்புட்டு அடிக்கிறாளாக்கும்!" சிரித்தார்கள்.

உங்க தப்பு இல்லன்னு சொன்ன வாய்தானே அது? எனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா?

29.6.2025, ஞாயிறு

பலகை எழுதப் போகவில்லை. இவர் சொல்கிறார், "விடு, யாரு நெனப்புல வச்சிருக்கப் போறா?" நான் வச்சிருக்கேனே.

மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன்: இனி வரவேண்டாம்.

2.7.2025, புதன்

பத்து மணியிலிருந்து சுபா வாசல் கதவோரம், நாயைக் கட்டிக்கொண்டு. "அக்கா எப்ப வரும்?" மதியம்வரை நகரவில்லை. அழவும் இல்லை.

3.7.2025, வியாழன்

மேடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

'மேடம், அந்தப் பக்கத்தை இனி யாருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் செய்ததை நான் மறக்க மாட்டேன். ஆனால் சுபா பேசுகிற வெளியாள் இன்னமும் நீங்கள் ஒருவர்தான். வரும் புதன்கிழமை வருவீர்களா? அவளிடம் சொல்ல வேண்டும். செவ்வாய்க்குள் பதில் போடுங்கள்.'